மார்ச் 31-க்கு முன்: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் இருந்த இரண்டு ஆண்டுகள்

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராகும் தாய்மார்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். குழுவில் எத்தனை பேர், கூட்டம் எப்போது, தீர்மானத்தை எப்படி எழுதுவது என்பதெல்லாம் அங்கே விளக்கப்படுகிறது. ஆனால், நிதியாண்டின் கடைசி வாரத்தில் பள்ளிக் கணக்கிலிருந்து பணம் போகாமல் நின்றுவிட்டால் கடைக்காரர் யார் வீட்டு வாசலில் வந்து நிற்பார் என்பதை எவரும் சொல்வதில்லை. தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் குழுவுக்கு 2022 முதல் 2024 வரை நான் தலைவராக இருந்தேன். தையல் கடை வைத்திருப்பவள். இரண்டு பிள்ளைகளும் அப்போது அதே பள்ளியில் படித்தார்கள். அந்தப் பொறுப்பில் என் கையைவிட்டுப் போன தொகை 12,300 ரூபாய். தொகை பெரிதில்லை என்று சிலருக்குத் தோன்றலாம். அதனோடு சேர்ந்து வந்த பேச்சும் தூக்கமில்லாத இரவுகளும் சிறியவை அல்ல. இப்போது இந்தப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் தேர்தல் என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. "கணக்கு வழக்கு தெரிஞ்ச பொண்ணு, எழுதப் படிக்கத் தெரியும்" என்று யாரோ என் பெயரைச் சொன்னார்கள், மற்றவர்கள் கை தட்டினார்கள், அவ்வளவுதான். "ஏம்மா, கையெழுத்துப் போட்டா போதும், மத்ததெல்லாம் டீச்சர் பாத்துக்குவாங்க" என்று ஒரு பெரியவர் சமாதானம் சொன்னார். அந்தக் கையெழுத்து எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் அன்று தெரியாது. பள்ளிக்கு வரும் மானியத்தில் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டுமென்றாலும் தலைமை ஆசிரியையும் குழுத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தணிக்கையில் கேள்வி வந்தால் இருவருமே பதில் சொல்ல வேண்டும்.

ஆகவே முதல் கூட்டத்திலேயே சில பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய தீர்மானப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், வங்கிக் கணக்குப் புத்தகம், இருப்புப் பதிவேடு ஆகிய நான்கும் இருந்தால் பள்ளியின் சென்ற சில ஆண்டுகள் உங்கள் கண்முன் வந்துவிடும். நான் கேட்டபோது தலைமை ஆசிரியைக்கு முகம் சற்று மாறியது. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். அவர் நல்லவர், ஆனால் பாடம் நடத்துவதோடு செயலியில் வருகை, சத்துணவு, விலையில்லாப் பொருள்கள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர். அதனால் கேட்கும் விதத்தில் கவனம் தேவை. "எனக்குப் புரிய வேண்டும் டீச்சர், உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டபின் அவரே எடுத்துக் கொடுத்தார். இன்னொன்று: வங்கியில் பழைய தலைவரின் கையெழுத்தை மாற்றிப் புதிய கையெழுத்தைப் பதிவு செய்வதை அந்த வாரமே தொடங்கிவிடுங்கள். தீர்மான நகல், ஆதார், புகைப்படம், தலைமை ஆசிரியையின் கடிதம் எல்லாம் கொடுத்தும் எங்கள் கிளையில் அது மாதக்கணக்கில் இழுத்தது. அதுவரை பள்ளிக்கு ஒரு துடைப்பம் வாங்கக்கூட வழியில்லாமல் தலைமை ஆசிரியை தம் கைப்பணத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

பணம் வரும் வழியைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் என் துன்பம் முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டு மானியம் தருகிறார்கள். 100-க்கு மேல் 250 வரை பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். சாக்பீஸ், பதிவேடுகள், பினாயில், மின்விசிறி பழுது, குழாய் பழுது என்று போனால் மிஞ்சுவது அதிகமில்லை. முக்கியமான செய்தி என்னவென்றால், இந்தப் பணம் பள்ளிக் கணக்கில் வந்து உட்கார்ந்திருப்பதில்லை. இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்று ஒரு வரம்பு மட்டும் கணினியில் காட்டப்படும். கடைப் பட்டியலை (பில்) பதிவேற்றி, அச்சிட்ட பணவழங்கல் ஆணையில் இருவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்தால்தான் பணம் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போகும். மார்ச் 31 கடந்தால் செலவழிக்காத வரம்பு பூஜ்யமாகிவிடும். பாஸ்புத்தகத்தில் பணம் இருக்கிறதல்லவா, ஏப்ரலில் எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய வழக்கத்தில் எண்ணுகிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் குழு கையில் எடுத்த வேலை குடிநீர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு மிகுதி என்பதும், அதனால் பல் காவியேறிப் போவதும் எங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளி ஆண்டு விழாப் படங்களில் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் சிரிப்பதைப் பார்த்தாலே போதும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருந்தால் அது குடிக்கத் தக்கதல்ல. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்த பிறகு ஊர்த் தெருக்களுக்குக் காவிரி நீர் கிடைத்தது. ஆனால் எங்கள் பள்ளி வளாகத்துக்குள் மட்டும் குழாய் வரவில்லை, பிள்ளைகள் பழைய ஆழ்துளைக் கிணற்று நீரையே குடித்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ நன்கொடையாகக் கொடுத்த ஆர்.ஓ. இயந்திரம் ஒன்று உணவுக்கூடத்தின் மூலையில் இருந்தது. சவ்வு மாற்ற ஆளில்லாமல் அது நின்றுபோய், மேலே துடைப்பங்களும் பழைய பாய்களும் அடுக்கப்பட்டிருந்தன. கொடுத்தவரின் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது. நன்கொடையாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: இயந்திரத்தைக் கொடுப்பதாக இருந்தால் மூன்று ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டும் முடியாது என்றால் பெஞ்சு கொடுங்கள். காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாட்டுக் காலத்தில் ஊரார் கொடுத்ததாகப் பெரியவர்கள் சொல்லும் ஒரு மர பெஞ்சு, கால் ஒட்டுப் போட்ட நிலையில், இரண்டாம் வகுப்பில் இன்னும் கிடக்கிறது.

தெருவிலுள்ள மேல்நிலைத் தொட்டியிலிருந்து பள்ளிக்குக் குழாய் இழுத்து, 2,000 லிட்டர் தொட்டி வைத்து, வரிசையாகக் குழாய்கள் பொருத்தி மேடை கட்ட 78,000 ரூபாய் ஆகும் என்று மதிப்பிட்டோம். மானியத்திலிருந்து 22,000, மீதம் 56,000 ஊர்ப்பணம் என்று முடிவு செய்தோம். இந்த முடிவுக்குப் பெற்றோரைக் கூட்டுவதே ஒரு பெரும்பாடு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கூட்டம் என்பது அப்போதைய விதி. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். 2023 சனவரியிலிருந்து அந்த வேலையில் காலையிலும் பிற்பகலிலும் செயலியில் படம் எடுத்தால்தான் வருகை பதியும் என்று ஆகிவிட்டது. இரண்டாவது படத்துக்கு முன் கிளம்பினால் அன்றைய கூலி போகும். 2022-23 நிதியாண்டில் நாள் கூலி 281 ரூபாய். பள்ளிக் கூட்டத்துக்காக அதை இழக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் 3 மணிக்குத் தொடங்கி, முக்கியமான பொருள்களை 5 மணிக்குமேல் அவர்கள் வந்தபின் எடுத்துக்கொண்டோம். ஆசிரியைகளுக்குப் பேருந்து தவறும் என்பதால் மனக்கசப்பும் வந்தது. ஆனாலும் அந்த நேர மாற்றத்துக்குப் பிறகுதான் பெண்கள் வாய் திறந்து பேசத் தொடங்கினார்கள். அதுவரை அவர்கள் பெயருக்கு எதிரே கணவர்மார் கையெழுத்திட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்துங்கள். குழுவில் பெயர் யாருடையதோ கையெழுத்தும் அவருடையதாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் பிறகு எழும் எந்தத் தகராறிலும் உங்கள் தீர்மானம் நிற்காது.

ஊர்ப்பணம் வசூலிக்கும் பொறுப்பை ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரிடம் விட்டார்கள். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் தொகையும் எழுதினார். அந்த நோட்டின் ஒரு பக்கம் இன்றும் என் கைப்பேசியில் படமாக இருக்கிறது: பெரிய வீடு 2,000, புளி மண்டி 1,000, பெங்களூர் தம்பி 5,000, கோயில் வீட்டார் 500 (பாதி), மேற்குத் தெரு மொத்தம் என்று ஒரு தொகை, அதற்குமேல் ஒரு கோடு. 'பாதி' என்றால் பாதி வந்ததா, பாதி பாக்கியா என்பது எழுதியவருக்கே பின்னாளில் நினைவில்லை. ரசீது கிடையாது. 56,000 என்று சொன்ன இடத்தில் வந்து சேர்ந்தது 41,500. அந்தப் பணம் ஒரு நாளும் என் கைக்கு வரவில்லை. கொத்தனாருக்கும் தொட்டிக்கும் மேடைக்கும் பெரியவரே நேராகக் கொடுத்தார். ஆனால் குழுத் தலைவர் நான் என்பதால் குறைந்த தொகைக்கும் கேள்வி என்னிடம்தான் வந்தது.

குழாயும் உதிரிப் பொருள்களும் கொடுத்த கடைக்கு மானியத்திலிருந்து 22,000 ரூபாய் போக வேண்டும். மானியத்தின் இரண்டாம் பகுதிக்கான வரம்பு ஆண்டின் கடைசியில்தான் வந்தது. வேலை பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது, பட்டியல் சரியாக இருந்தது, தீர்மானம் இருந்தது, மார்ச் மூன்றாம் வாரத்தில் இருவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுத்தோம். சில நாள் கழித்துப் பார்த்தால் பணம் திரும்பியிருந்தது. கடைக்காரரின் வங்கி வேறொரு வங்கியோடு இணைந்த பிறகு ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கிறது; அவர் கொடுத்த நகல் பழைய பாஸ்புத்தகத்தினுடையது. போதாததற்குப் பட்டியலில் கடையின் பெயரும் கணக்கில் அவருடைய சொந்தப் பெயரும் இருந்தன. திருத்தி மறுபடி ஏற்றுவதற்குள் இணையம் படுத்துவிட்டது. மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளும் அதே வாரத்தில்தான் பட்டியல் ஏற்றுகின்றன. மார்ச் 31 மாலை, ஒன்றியத் தலைமையிடத்தில் ஒரு கணினி மையத்தில் தலைமை ஆசிரியையும் நானும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் வரம்பு பூஜ்யம். சென்ற ஆண்டுச் செலவை இந்த ஆண்டு மானியத்தில் எழுத முடியாது என்று மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

கடைக்காரர் கெட்டவர் அல்லர். அவருக்கும் மொத்த வியாபாரி நெருக்கடி. தினமும் என் தையல் கடைக்கு வந்து, வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே, "ஏம்மா, பள்ளிக்கூடத்துப் பாக்கி என்னாச்சு" என்று கேட்பார். ஏப்ரலில் என் சங்கிலியை அடகு வைத்து 22,000 ரூபாய் கொடுத்தேன். வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றரை. அதே மாதம் நியாயவிலைக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற இருவர், பைப்பு காசில் நான் நகை வாங்கிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிற்றோடு நின்றுகொண்டிருந்த எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அன்றே பொறுப்பை எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றியது. போயிருந்தால் பேச்சு உண்மையாகிவிடும் என்று கணவர் தடுத்தார். அது சரியான யோசனை.

பேச்சுக்கு முடிவு கட்டியது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை, சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடுகிறது. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வரவு, செலவு, பாக்கி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாசித்தேன். பணம் திரும்பிய வங்கித் தாளின் நகலையும் அடகு ரசீதின் நகலையும் சேர்த்து ஒட்டினேன். பெரியவரும் எழுந்து, "காசு என் கையில்தான் இருந்தது, அந்தப் பொண்ணு தொடவே இல்லை" என்றார். முன்னாள் மாணவர்கள் சிலர் அதையடுத்த பொங்கலுக்கு ஊர் வந்தபோது 13,000 திரட்டிக் கொடுத்தார்கள். நகையை மீட்க மீதி 9,000-மும் வட்டி 3,300-மும் என்னுடையதாகப் போயிற்று. தீபாவளி நேரத்தில் அலைச்சலால் திருப்பிக் கொடுத்த தையல் வேலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு உதவுபவை சில. பெரிய செலவுகளுக்கான வேலை ஆணையை மானிய அறிவிப்பு வந்தபின் கொடுங்கள். கடைக்காரர்களின் கணக்கு எண்ணையும் பெயரையும் அதற்கு முன்பே கணினியில் ஏற்றி, அண்மையில் பதிந்த பாஸ்புத்தகப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பிப்ரவரி 28-க்குள் பட்டியல்கள் முடிந்துவிட வேண்டும்; மார்ச் மாதம் திரும்பி வருவதைச் சரிசெய்ய மட்டுமே. மூன்று கடைகளிடம் விலைப்புள்ளி (கொட்டேஷன்) வாங்குங்கள், மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே எழுதிவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதைத் தலைமை ஆசிரியை தனியாக நிரப்பி உங்களிடம் கையெழுத்துக்கு நீட்ட இடம் கொடுக்காதீர்கள். ஊர்ப்பணத்துக்கு எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் அச்சடிக்க ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, மேலாண்மைக் குழு வேறு. நன்கொடை எந்தக் கணக்குக்கு வருகிறது என்பதை முதலிலேயே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்புகிறவர்கள் அலுவலகங்களிலும் உண்டு.

எனக்கு மிகவும் வலித்தது பிறகு தெரிந்துகொண்ட ஒரு செய்தி. 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டின் மூன்றில் ஒரு பங்கை ஊரார் கட்டினால் மீதியை அரசு போடும். 78,000 ரூபாய் வேலைக்கு ஊர்ப் பங்கு 26,000. எங்கள் ஊர் கொடுத்ததோ 41,500. அந்தப் பணத்தை முறையாகக் கட்டியிருந்தால் ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வேலையே நடந்திருக்கும். சுற்றுச்சுவரின் இடிந்த பகுதியும் எழுந்திருக்கும். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் ஊராட்சிக்கு வரும் பணத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைக்கப்பட்டிருந்தது. கிராம சபையில் தீர்மானம் போட்டுப் பள்ளிக் குழாயை அதில் கேட்டிருக்கலாம். குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் இருவர் இருந்தும் இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே இருப்பவர்கள் கொடுக்க விரும்பினால், 2022 டிசம்பர் 19 அன்று தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகப் பள்ளியையும் வேலையையும் குறிப்பிட்டே கொடுக்கலாம். வருமான வரிச் சலுகையும் உண்டு. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்த வழியைச் சொல்லுங்கள். நோட்டில் பெயர் எழுதுவதைவிட அவர்களுக்கும் அதுவே நம்பிக்கை தரும். வசூலில் இறங்குமுன் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் அரை நாள் உட்கார்ந்து, எந்தத் திட்டத்தில் எவ்வளவு, யார் பெயரில் வரைவோலை என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவது நல்லது.

2024-ல் குழுக்கள் மறுபடி அமைக்கப்பட்டு உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது, இது நல்ல மாற்றம். மற்ற இரண்டு மாற்றங்கள் சிரமம் தருபவை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25 ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. எனவே மானியம் வந்துவிடும் என்று நம்பிக் கடன் சொல்லி எதையும் வாங்காதீர்கள். எங்கள் மாவட்டம் உள்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5-ஆம் நாளோடு முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். வார்டு உறுப்பினரைத் தெருவில் நிறுத்திக் கேட்பதுபோல் அவர்களைக் கேட்க முடியாது. எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்கித்தான் ஆக வேண்டும்.

பொறுப்பு முடியும்போது சும்மா எழுந்து வந்துவிடாதீர்கள். கடைசிக் கூட்டத்தில் கணக்கு இருப்பு, தரவேண்டிய பாக்கி, ஒப்படைக்கும் பதிவேடுகள், வங்கியில் நிலுவையிலுள்ள வேலைகள் ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதி, புதிய தலைவரின் கையெழுத்தோடு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியின் பதிவேட்டில் அந்தப் பக்கத்தில், 'குழாய்ப் பொருள் பாக்கி 9,000, முன்னாள் தலைவர் சொந்தப் பணம், திரும்பத் தரப்படவில்லை' என்று ஒரு வரி இருக்கிறது. அதெல்லாம் எதற்கும்மா, தணிக்கையில் கேட்பார்கள் என்று தலைமை ஆசிரியை தயங்கினார். கேட்கட்டும் டீச்சர் என்று சொல்லி, எழுதிய பிறகே நான் கையெழுத்திட்டேன்.